பார்த்தால் புரிகிறது, கையில் எடுத்தால் வரவில்லை

2022 மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆண்டாப் ஹில்லில் மழை பிடித்தால் என்ன ஆகும் என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். வெளியே போக வழியில்லை, உள்ளே துணி காய இடமில்லை. மேல்மாடி அக்கா வந்து நின்றார். திருநெல்வேலிப் பக்கம். முப்பது வருஷத்துக்கு மேல் பம்பாயில் இருந்தும் பேச்சு மட்டும் ஊரை விட்டு வரவில்லை.

"தம்பி, பையன் எம்பெட்டுன்னு ஏதோ கோர்ஸ் சேரணுங்கான். எம்பதாயிரமாம். ஒங்க பேங்க்ல லோன் கிடைக்குமா?"

பையன் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவன். அவன் சேர நினைத்தது எம்பெடட் சிஸ்டம்ஸ் கற்றுத்தரும் ஒரு தனியார் நிறுவனம். ஆறு மாசம், வேலைக்கு உத்தரவாதம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. (உத்தரவாதம் என்ற சொல்லை வங்கிக்காரன் படிக்கிற மாதிரி யாரும் படிக்க மாட்டார்கள். கையெழுத்து எங்கே என்றுதான் முதலில் தேடுவேன்.) அரசு அங்கீகாரம் பெற்ற திறன் பயிற்சிகளுக்கு 2015-ல் வந்த திறன் கடன் திட்டத்தில் அப்போது 5,000 ரூபாயிலிருந்து ஒன்றரை லட்சம் வரை கொடுக்க முடிந்தது. இந்தப் படிப்புக்கு அந்த அங்கீகாரம் இல்லை. அப்புறம் இருப்பது தனிநபர் கடன்தான். அந்த வட்டியை அக்காவிடம் சொல்லவே எனக்கு வாய் வரவில்லை.

பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏம்பா, இதெல்லாம் ஐ.ஐ.டி. வாத்தியார்களே நெட்டில் இலவசமா நடத்துறாங்களே, பாக்கலியா?"

"பாத்துட்டேன் அங்கிள். பாத்தா புரியுது. கையில எடுத்தா வரல."

இந்தப் பதில் என்னை ரொம்ப நாள் குடைந்தது. நான் பி.காம். எனக்கும் எலெக்ட்ரானிக்ஸுக்கும் உள்ள உறவு ஏடிஎம் அறையோடு சரி. ஆனாலும் விடாமல் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. இந்தப் பையன் சொன்ன அதே சிக்கலோடுதான் நாற்பது வருஷமாக நம் நாட்டிலும் வெளியிலும் பெரிய பெரிய பேராசிரியர்கள் மல்லுக்கட்டி வந்திருக்கிறார்கள். அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

முதலில் எங்கள் பேட்டையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஆண்டாப் ஹில்லில் இருந்து நடந்தே போகிற தூரத்தில் மாட்டுங்காவில் வி.ஜே.டி.ஐ. இருக்கிறது. 1887-ல் விக்டோரியா ஜூபிலி டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட் என்று பைகுல்லாவில் தொடங்கி, 1923-ல் மாட்டுங்காவுக்கு வந்தது. 1997-ல் வீரமாதா ஜீஜாபாய் பெயரைப் பெற்றது. முதல் எழுத்துகள் அப்படியே இருந்ததால் பேச்சு வழக்கில் யாருக்கும் சிரமமில்லை! இங்கே மத்திய அரசு ஊழியர் குடியிருப்பில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் மார்க் எடுத்த சிலர் அந்தக் கேட்டுக்குள் போனார்கள். மற்றவர்கள் அதைத் தாண்டி நடந்து டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் வகுப்புக்குப் போனார்கள். இரண்டுக்கும் நடுவே ஒன்றுமில்லையா என்றால், ஒன்று இருந்தது. ஏ.எம்.ஐ.இ.

இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் 1920-ல் ஏற்பட்ட அமைப்பு. வேலை பார்த்துக்கொண்டே, கல்லூரிக்குப் போகாமல், அவர்கள் வைக்கும் 'ஏ', 'பி' என்ற இரண்டு கட்டத் தேர்வுகளை எழுதித் தேறினால் பொறியியல் பட்டத்துக்குச் சமம். எலெக்ட்ரானிக்ஸ் காரர்களுக்கென்று 1953-ல் ஐ.இ.டி.இ. வந்தது. ரயில்வேயிலும் தொலைபேசித் துறையிலும் ராணுவத்திலும் இருந்த எத்தனையோ பேர் ராத்திரி சமையலறை விளக்கில் படித்து இப்படிப் பொறியாளர் ஆனார்கள். அவர்களுக்கு லேப் பற்றிக் கவலை இல்லை. பகலில் பார்த்த வேலையே லேப். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ரிலேயைக் கழற்றி மாட்டுகிறவனுக்கு ரிலே என்றால் என்ன என்று யார் சொல்லித் தர வேண்டும்?

அந்த வழியும் பிறகு அடைபட்டது. 2013 மே 31-க்குள் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே பட்டத்துக்கு இணை என்ற தகுதி என்று ஆயிற்று. அதைவிடப் பெரிய இடி 2017 நவம்பரில் விழுந்தது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் (ஒன்று நம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது) தகுந்த அனுமதி இல்லாமல் அஞ்சல் வழியில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2001-லிருந்து 2005 வரை சேர்ந்தவர்கள் ஏ.ஐ.சி.டி.இ. வைக்கும் தேர்வை எழுதித் தேறினால் பட்டம் பிழைக்கும். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அதுவும் இல்லை. அந்தப் பட்டத்தை வைத்துப் பதவி உயர்வு வாங்கியவர்கள் நிலைமையை நினைத்துப் பாருங்கள். வழக்கின் அடியில் இருந்த கேள்வி நம்ம பையன் சொன்னதேதான். செய்முறை இல்லாமல் பொறியியலை எப்படித் தபாலில் சொல்லித் தருவாய்?

*

தபால் போகட்டும், தொலைக்காட்சிக்கு வருவோம். 1975 ஆகஸ்டிலிருந்து ஒரு வருஷம் 'சைட்' என்ற சோதனை நடந்தது. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகப் பாடம் ஒளிபரப்பினார்கள். (தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை.) கிராமத்தில் வைத்த ஆன்டெனா பத்தடி அகலம், கோழிக்கூண்டுக்கு அடிக்கிற வலைக் கம்பியால் ஆனது. பெட்டிகளை ஹைதராபாத் ஈ.சி.ஐ.எல். செய்து கொடுத்தது. என்னைக் கேட்டால் அந்த வருஷம் ஒளிபரப்பான பாடங்களைவிட, அந்தப் பெட்டிகளைச் செய்து, ஓட வைத்து, கெட்டால் பழுது பார்த்த நம் ஆட்கள் படித்ததுதான் பெரிய படிப்பு.

1983-ல் இன்சாட்-1பி மேலே போனது. 1984 ஆகஸ்ட் 15-லிருந்து தூர்தர்ஷனில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 'கன்ட்ரிவைட் கிளாஸ்ரூம்' வந்தது. என் வயசுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். மத்தியானம் வேறு எதுவும் இல்லாத நேரத்தில் ஒரு ஆள் ஆங்கிலத்தில் எதையோ கத்தரித்துக் காட்டிக்கொண்டிருப்பார். வீட்டில் யாரும் பார்க்க மாட்டார்கள், ஆனால் டிவியை அணைக்கவும் மாட்டார்கள். அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசரிலும் இதற்கென்றே படப்பிடிப்பு நிலையங்கள் இருந்தன. அப்புறம் 2000-ல் ஞான தர்ஷன், 2003 ஜனவரி 26-ல் ஐ.ஐ.டி. பாடங்களுக்கென்றே 'ஏகலவ்யா' சேனல்.

ஏகலவ்யா என்று பேர் வைத்தவர் கதையை முழுக்க நினைத்து வைத்தாரா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. குருவின் சிலையைப் பார்த்து வில்வித்தை கற்றவன், சரி. ஆனால் அவன் கையில் வில் இருந்ததே! நம் பிள்ளைகளுக்குச் சிலையை மட்டும் கொடுத்தோம். கட்டைவிரல் விவகாரத்தை வேறு விட்டுவிடுகிறேன்.

*

இங்கே கொஞ்சம் நிறுத்தி, இந்த எம்பெடட், புரோட்டகால் எல்லாம் என்னவென்று என் அளவுக்கு எழுதிவிடுகிறேன். பொறியாளர்கள் சிரித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போகலாம் :-)

1971-ல் இன்டெல் 4004 வந்தது. ஜப்பானிய கால்குலேட்டர் கம்பெனி ஒன்றுக்காகச் செய்த சில்லு. அதன் வழியில் 1980-ல் வந்த 8051-தான் நம் ஊர்க் கல்லூரி லேப்களை இன்னும் விடாத பிசாசு. கணினி என்று தெரியாமலே நாம் பயன்படுத்தும் கணினிதான் எம்பெடட். வாஷிங் மெஷின், லிஃப்ட், மின்சார மீட்டர் எல்லாவற்றுக்குள்ளும் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. என் தொழிலில் சொன்னால் நோட்டு எண்ணும் மெஷின், பாஸ்புக் பிரிண்டர், கடைக்காரர் கையில் இருக்கும் கார்டு தேய்க்கும் பெட்டி. டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையில் அமைந்த குழு 1984-ல் வங்கிகளுக்குச் சிபாரிசு செய்ததே கிட்டத்தட்ட அப்படிப்பட்ட ஒன்றைத்தான். கிளையில் லெட்ஜர் பதிவதற்கு மட்டுமேயான மெஷின். தொழிற்சங்க ஒப்பந்தப்படி 'கணினி' என்ற சொல்லையே ஜாக்கிரதையாகத்தான் உச்சரிக்க வேண்டியிருந்தது என்று சீனியர்கள் சொல்வார்கள்.

சில்லுகள் ஒன்றோடொன்று பேச விதி வேண்டும். அதுதான் புரோட்டகால். ஆர்எஸ்-232 என்பது 1960-ல் வந்த விதி. 1982-ல் ஃபிலிப்ஸ் கம்பெனி, டிவி பெட்டிக்குள் இருக்கும் சில்லுகள் இரண்டே கம்பியில் பேசிக்கொள்ள ஐ-ஸ்கொயர்டு-சி என்ற விதியைச் செய்தது. 1986-ல் கார்களுக்காக போஷ் கம்பெனி கேன் என்ற விதியைக் கொண்டுவந்தது. 1987-ல் எங்கள் உலகத்துக்கு ஐ.எஸ்.ஓ. 8583 வந்தது. இந்தியாவின் முதல் ஏடிஎம்மை எச்.எஸ்.பி.சி. வங்கி மும்பையில் வைத்ததும் அதே 1987.

இந்த 8583-ஐப் பற்றி எனக்கு ஒரு தனிப்பாசம். ஏடிஎம்மில் நீங்கள் பணம் கேட்டால் 0200 என்று ஆரம்பிக்கும் ஒரு செய்தி போகிறது. அடுத்து 64 பிட் கொண்ட ஒரு வரைபடம், எந்தெந்தக் கட்டம் நிரப்பப்பட்டிருக்கிறது என்று சொல்ல. நாலாவது கட்டத்தில் தொகை. பதில் 0210 என்று வரும், 39-ஆவது கட்டத்தில் '00' இருந்தால் சரி, '51' இருந்தால் கணக்கில் பணமில்லை. பணம் வெளியே வராமல் போனால் 0420 என்று திருப்பல் செய்தி போக வேண்டும். அது போகாமலோ, போய்ச் சேராமலோ இருந்தால்தான் "கணக்குல கழிஞ்சிடுச்சு, பணம் வரல" என்று ஒருவர் என் மேஜை முன்னால் வந்து நிற்பார். ஐந்து நாளில் திருப்பாவிட்டால் நாளுக்கு நூறு ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019-ல் சொன்னது. பல வருஷம் இந்த மனுக்களை மேலே அனுப்பியிருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலே அனுப்பினேன். நாற்பது வயசுக்கு மேல் உட்கார்ந்து இதைப் படித்த ராத்திரி, ஒரு ஓய்வூதியக்காரரிடம் "சிஸ்டம் ப்ராப்ளம் சார்" என்று நான் சொன்னது நினைவுக்கு வந்து கூசியது.

*

சரி, விஷயத்துக்கு வருவோம். என்பிடெல்.

1999-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பால் குட்மனோடு சேர்ந்து சென்னை ஐ.ஐ.டி.யில் ஒரு பயிலரங்கு நடந்தது. தொழில்நுட்பத்தைக் கொண்டு கற்பிப்பது பற்றி. அதில் முளைத்த யோசனைதான் இது. எம்.ஐ.டி. தன் பாடங்களை இணையத்தில் திறந்து வைப்பதாக அறிவித்தது 2001 ஏப்ரலில். அதைப் பார்த்துக் காப்பி அடித்தோம் என்று சிலர் சொல்வார்கள், வருஷத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். 2003-ல் மத்திய அரசு 20.5 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்தன. சென்னை ஐ.ஐ.டி.யின் அப்போதைய இயக்குநர் எம். எஸ். அனந்த் தலைமை. வேதியியல் பேராசிரியர் மங்கள சுந்தர் கிருஷ்ணன் இணையப் பாடங்களின் பொறுப்பைத் தோளில் போட்டுக்கொண்டார்.

அவர்கள் கண் வைத்தது ஐ.ஐ.டி. மாணவர்களை இல்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். தொண்ணூறுகளில் காளான் மாதிரி பொறியியல் கல்லூரிகள் முளைத்தன. கட்டடம் இருந்தது, பஸ் இருந்தது, வாத்தியார் இல்லை. போன வருஷம் பாஸான பையன் இந்த வருஷம் வகுப்பெடுத்தான். அவனுக்கும் அவன் மாணவர்களுக்கும் சேர்த்து ஒரு நல்ல வாத்தியாரைக் காட்டுவதுதான் திட்டம்.

ஒரு பாடத்துக்கு நாற்பது வீடியோ, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அலங்காரம் கிடையாது. பேராசிரியர், பலகை அல்லது வெள்ளைத்தாள், ஒரு பேனா. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் எஸ். சீனிவாசன் எடுத்த டிஜிட்டல் சர்க்யூட்ஸ், கே. ராதாகிருஷ்ண ராவின் அனலாக் பாடம், டெல்லி ஐ.ஐ.டி. சந்தனு சவுத்ரியின் எம்பெடட் சிஸ்டம்ஸ் எல்லாம் அந்த முதல் கட்டத்து ஆட்கள். டி. எஸ். நடராஜன் என்ற இயற்பியல் பேராசிரியரின் அடிப்படை எலெக்ட்ரானிக்ஸ் பாடத்தை நானே பத்து வகுப்பு வரை பார்த்தேன். மேஜையில் சர்க்யூட்டை வைத்து, மீட்டரைக் காட்டி, நம்ம ஊர் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொல்வார். ஒரு பி.காம். காரனுக்கு டயோடு புரிந்தது என்றால் அது அவர் சாமர்த்தியம்தான். யூட்யூபில் இவை ஏறிய பிறகு கீழே கருத்து எழுதுகிறவர்களைப் பார்த்தால் நைஜீரியா, பங்களாதேஷ், ஈரான் என்று எங்கெங்கிருந்தோ நன்றி சொல்லியிருப்பார்கள்.

ஆனால் 2014 வரை இது பார்த்துவிட்டுப் போகிற கதைதான். பார்த்ததற்கு ஒரு காகிதமும் கிடையாது. 2014-ல்தான் சான்றிதழ் வகுப்பு வந்தது. வாராவாரம் பயிற்சிக் கணக்கு, பிறகு தேர்வு. படிப்பது இலவசம், தேர்வுக்கு மட்டும் ஆயிரம் ரூபாய் என்று வைத்தார்கள். பயிற்சிக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. தேர்வை ஒரு மையத்துக்கு நேரில் போய், அடையாள அட்டை காட்டி, கண்காணிப்பில் எழுத வேண்டும். அதே காலத்தில் உலகம் முழுக்கப் பல நிறுவனங்கள் வீட்டிலிருந்தே எழுது, சான்றிதழை அச்சடித்துக்கொள் என்று கொடுத்துக்கொண்டிருந்தபோது இவர்கள் பிடிவாதமாக நேரில் வா என்றார்கள். கே.ஒய்.சி. பார்க்காமல் கணக்கு திறக்கிற வங்கிக்கும் பார்த்துத் திறக்கிற வங்கிக்கும் உள்ள வித்தியாசம் இது என்பேன். 2016-ல் யூ.ஜி.சி. விதி மாறி, ஒரு பருவத்தில் 20 சதவீதம் வரை இந்த மாதிரிப் பாடங்களைக் கல்லூரி மதிப்பெண்ணில் சேர்க்கலாம் என்று ஆனது. 2021-ல் அது 40 ஆனது. 2017 ஜூலை 9-ல் ஸ்வயம் தளத்தைக் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி தொடங்கி வைத்தார். பிற்பாடு பல பாடங்களுக்குத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் எழுத்துரையும் வந்தது.

எல்லாம் சரி. லேப் எங்கே?

*

இதற்கு முதல் பெரிய பதிலைச் சொன்னவரும் நம்ம சென்னை ஐ.ஐ.டி.யில் 1982-ல் முடித்தவர்தான். அனந்த் அகர்வால், மங்களூரில் வளர்ந்தவர். எம்.ஐ.டி.யில் பேராசிரியர். 2012 மார்ச்சில் எம்.ஐ.டி. தன் முதல் திறந்த இணைய வகுப்பைத் தொடங்கியபோது எடுத்துக்கொண்ட பாடம் தத்துவமோ பொருளாதாரமோ இல்லை, சர்க்யூட்ஸ் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ், 6.002எக்ஸ். திரையிலேயே ரெசிஸ்டரையும் கெபாசிட்டரையும் இழுத்துப் போட்டு ஓட்டிப் பார்க்க ஒரு மெய்நிகர் லேப் செய்து வைத்திருந்தார்கள். 1,54,763 பேர் பதிவு செய்தார்கள். அமெரிக்காவுக்கு அடுத்து அதிகம் பேர் இந்தியாவிலிருந்து. முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் 7,157. நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. இதை வைத்து இணையக் கல்வியைக் கிழித்துத் தொங்கப்போட்டவர்கள் உண்டு. ஏழாயிரம் பேருக்கு ஒரு வாத்தியார் ஒரே பருவத்தில் சர்க்யூட் சொல்லித் தர எத்தனை வருஷம் ஆகும் என்று மற்றவர்கள் கேட்டார்கள். இரண்டு கணக்கும் சரிதான், எந்தத் தலைப்பின் கீழ் பதிகிறோம் என்பதைப் பொறுத்தது.

ஆனால் திரையில் ரெசிஸ்டர் சுடாது. தப்பாகச் செருகினால் புகை வராது.

அடுத்த அடியை டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜோனதன் வல்வானோவும் ரமேஷ் எர்ரபள்ளியும் எடுத்து வைத்தார்கள். 2014 ஜனவரியில் எட்எக்ஸ் தளத்தில் எம்பெடட் சிஸ்டம்ஸ் வகுப்பு. மாணவன் எந்த நாட்டில் இருந்தாலும் பதின்மூன்று டாலருக்கு ஒரு லாஞ்ச்பேட் போர்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தன் வீட்டு மேஜையில் ஒயர் செருகி, நிரல் எழுதி ஓட்டினால், அவனுடைய கணினியில் இருக்கும் ஒரு மென்பொருள் அந்த நிஜ போர்டை விசாரித்துப் பார்த்து மதிப்பெண் போடும். இன்விஜிலேட்டர் உங்கள் வீட்டு யூஎஸ்பி கம்பி வழியாக வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்டுகள் மலிவானதால்தான் இது முடிந்தது. 2005-ல் இத்தாலியில் ஆர்டுவினோ பிறந்தது. 2010-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் எம்எஸ்பி430 சில்லுக்கு ஒரு போர்டை 4.30 டாலருக்கு விட்டது. விலையில்கூட 430! வியாபாரிக்கு இந்த மாதிரிக் குறும்பு இருந்தால் எனக்குப் பிடிக்கும்.

அதே எம்எஸ்பி430-ஐ வைத்து டெல்லி நேதாஜி சுபாஷ் பல்கலைக்கழகத்தின் தனஞ்சய் காட்ரே ஒரு போர்டு செய்தார். பேர் 'லஞ்ச்பாக்ஸ்'. லாஞ்ச்பேடுக்கு நம் ஊர்ப் பதில். ஜம்மு ஐ.ஐ.டி.யின் பத்ரி சுபுதியோடு சேர்ந்து 2020-ல் என்பிடெல்லில் எம்பெடட் வகுப்பெடுத்தபோது அந்த டப்பாவை வைத்தே நடத்தினார். சாப்பாட்டு டப்பாவுக்குப் பேர்போன மும்பையில் இருந்துகொண்டு அந்தப் பெயரை ரசிக்காமல் இருக்க முடியுமா?

எங்கள் பவாயைச் சொல்லாமல் விட்டால் பாவம். மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கவி ஆர்யா நடத்தும் ஈ-யந்த்ராவில் 2012-லிருந்து போட்டி நடக்கிறது. பதிவு செய்து தேறும் நாலு பேர் கொண்ட கல்லூரிக் குழுவுக்கு ரோபோவையே இலவசமாக அனுப்பிவைத்தார்கள். ஃபயர்பேர்டு என்று பேர். அதை ஓட்டித்தான் பாடம் கற்க வேண்டும். அங்கேயே கண்ணன் மௌத்கல்யாவின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம், பத்துப் பத்து நிமிஷப் பாடங்கள், தமிழிலும் குரல் கொடுத்து.

இதில் கடைசிக் கண்ணி 2023-ல். சென்னை ஐ.ஐ.டி. எலெக்ட்ரானிக் சிஸ்டம்ஸில் நான்கு வருஷ பி.எஸ். படிப்பைத் தொடங்கியது. ஜே.இ.இ. வேண்டாம். பாடம் இணையத்தில். ஆனால் லேபுக்கு மட்டும் சென்னை வளாகத்துக்கு வந்தே ஆக வேண்டும். இத்தனை வருஷம் சிமுலேட்டர், போர்டு, டப்பா, ரோபோ எல்லாவற்றையும் பார்த்த பிறகு, கையால் செய்வதை எங்கள் கண் முன்னால் செய் என்று அவர்கள் சொன்னதை நான் பின்னடைவு என்று நினைக்கவில்லை. 2017 தீர்ப்பைப் படித்தவர்கள் யாரும் நினைக்க மாட்டார்கள்.

*

பையன் கதையை முடிக்கவில்லையே.

கடன் வாங்கவில்லை. ஜூலையில் ஆரம்பித்த பன்னிரண்டு வார என்பிடெல் வகுப்பு ஒன்றில் சேர்ந்தான். நானும் அவனோடு லேமிங்டன் ரோடு போனேன். சென்னைக்கு ரிச்சி தெரு மாதிரி பம்பாய்க்கு அது. ஒரு போர்டு, பிரெட்போர்டு, ஒரு கட்டு ஒயர், வெப்பம் அளக்கும் சென்சார் ஒன்று, குட்டித் திரை ஒன்று. ஆயிரத்து சொச்சம் ஆனது.

ஆறாவது வாரம் வந்தான், முகம் தொங்கிப்போய். சென்சார் பேசவில்லை. ஐ-ஸ்கொயர்டு-சி. வீடியோவில் வாத்தியார் செய்தது எல்லாம் செய்தாயிற்று, நிரல் ஒரு எழுத்துப் பிசகில்லை, சிமுலேட்டரில் அழகாக ஓடுகிறது. நிஜத்தில் சென்சாரிடமிருந்து பதிலே வரவில்லை. மூன்று ராத்திரி தூங்கவில்லை என்று அக்கா வேறு என்னை முறைத்தார்.

சனிக்கிழமை சென்சாரைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். கடையில் வயசான குஜராத்தி ஒருவர். பையன் பேசி முடிக்கும் முன்பே, கண்ணாடியை இறக்காமல் கேட்டார்.

"புல்-அப் லகாயா க்யா?"

அந்த இரண்டு கம்பிகளையும் சில்லுகள் கீழே இழுக்க மட்டும்தான் முடியுமாம், மேலே தூக்கிவிட ஆள் கிடையாது. அதற்கு ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு ரெசிஸ்டர் போட்டு மின்னழுத்தத்தோடு கட்ட வேண்டும். வீடியோவில் வாத்தியார் கையில் இருந்த சென்சார் போர்டில் அது ஏற்கனவே பற்றவைத்து இருந்தது. இவன் வாங்கியதில் இல்லை. வகுப்பில் ஒரு வரியில் சொல்லியும் இருந்தார்கள், இவன் கடந்து போயிருக்கிறான். கடைக்காரர் டப்பாவிலிருந்து 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் பத்தை எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினான். குட்டித் திரையில் 29.5 என்று ஓடிக்கொண்டிருந்தது. அவன் விரலை வைத்தால் ஏறியது, எடுத்தால் இறங்கியது. என்னையும் வைக்கச் சொன்னான், வைத்தேன். அக்கா எட்டிப் பார்த்து, "இதுக்கா மூணு நாளா தூங்கல?" என்றார்.

அக்டோபரில் நவி மும்பை மையத்தில் தேர்வு எழுதினான். 71. இப்போது அந்தேரியில் மின்சார மீட்டர் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருக்கிறான். சம்பளம் பெரிதாக இல்லை. போன மாசம் அக்கா மறுபடி வந்து நின்றார்.

"தம்பி, மெட்ராஸ் ஐ.ஐ.டி.ல ஏதோ நாலு வருஷப் படிப்பாமே, வேலைய விடாம படிக்கலாமாம். அதுக்கு லோன் உண்டா?"

அதற்கு உண்டு. விண்ணப்பப் படிவத்தை நானே எடுத்து வந்து கொடுத்தேன்.